வராத கோப்பும் இன்மை என்னும் அளவையும்

அப்பாச்சி கேமல் என்னும் ஜாவா இணைப்புச் சட்டகத்தில் பழுது பார்க்க உட்காருகிறவரை ஆகக் கூடுதலாக அலைக்கழிப்பது பிழைச்செய்தி இல்லாத பழுதுதான். கோப்பு வரவில்லை, லாகில் சிவப்பாக ஒன்றும் இல்லை. மின்னஞ்சல் போய்விட்டதாக நிரல் சொல்கிறது. கிடைக்கவில்லை என்கிறார் பெறுநர். எக்ஸெப்ஷன் ஒன்று விழுந்திருந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம். இங்கே கையில் இருப்பது வெறும் ‘இல்லை’ மட்டுமே. அந்த ‘இல்லை’யை எவ்வளவு தூரம் நம்பலாம், ஒன்று தென்படாததைக் கொண்டு அது இல்லை என்று அறிய முடியுமா என்ற கேள்வியை இந்தியத் தருக்க மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்திருக்கின்றன. அந்த மரபினர் கண்ட விடை கணினி அறையில் அப்படியே பயன்படுகிறது.

கேமல் 2007இல் ஆக்டிவ்எம்க்யூ என்னும் செய்திப் பரிமாற்ற மென்பொருள் திட்டத்துக்குள் தோன்றியது. கிரெகர் ஹோபேயும் பாபி வுல்ஃபும் 2003இல் வெளியிட்ட நூலில் நிறுவனங்களின் மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் வடிவங்களைத் தொகுத்திருந்தார்கள். அவற்றை ஜாவாவில் எழுத வசதி செய்து தருவதே கேமலின் வேலை. ஒரு முனையிலிருந்து எடு, இன்னொரு முனைக்குக் கொடு என்று சொல்லும் வரிசைக்கு ரூட் என்று பெயர். கோப்பு, எஃப்டிபி, எஸ்எஃப்டிபி, மின்னஞ்சல் ஆகியவற்றின் வாங்கும் முனைகளுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. யாரும் வந்து இவற்றின் கதவைத் தட்டுவதில்லை. இவையே குறித்த இடைவெளியில் போய் எட்டிப் பார்க்கின்றன. வேறாகச் சொல்லாவிட்டால் கோப்பு முனை அரை விநாடிக்கு ஒரு முறையும் மின்னஞ்சல் முனை 60 விநாடிக்கு ஒரு முறையும் பார்க்கும். ஆக, ஒரு ஃபோல்டரைப் பற்றிக் கேமலுக்குத் தெரிந்ததெல்லாம் விட்டுவிட்டுப் பார்த்த பார்வைகளின் தொகுப்பே. இரண்டு பார்வைகளுக்கு நடுவே வந்து போனது அதன் உலகில் நிகழவே இல்லை.

ஏழாம் நூற்றாண்டின் மீமாம்சகரான குமாரில பட்டர் அறிவுக்கு அளவைகள் என்னும் ஆறு வழிகளைக் கொண்டார். ஆறாவது வழி காணாமை. தரையைப் பார்க்கிறோம், குடம் தென்படவில்லை, ஆகவே குடம் இல்லை என்று அறிகிறோம். இந்த அறிவு கண்ணிலிருந்து வந்ததல்ல, இல்லாத ஒன்றோடு கண் எப்படித் தொடர்புகொள்ளும் என்று கேட்டார் அவர். நியாய மரபினர் இதை ஏற்கவில்லை: குடத்தின் இன்மை தரையின் ஒரு தன்மையாகக் கண்ணுக்கே புலப்படுகிறது, தனி அளவை எதற்கு என்றார்கள். மீமாம்சையின் இன்னொரு பிரிவான பிரபாகரர் வழியினர், இன்மை என்று தனியாக ஒரு பொருளே கிடையாது, வெறுந்தரையின் அறிவுதான் அது என்று முடித்துவிட்டார்கள். பௌத்தரான தருமகீர்த்தி காணாமையை அனுமானத்துக்கான ஏதுக்களுள் ஒன்றாக வைத்தார். தமிழில் மணிமேகலையின் 27ஆம் காதை அபாவம் என்னும் இன்மையையும் சேர்த்துப் பத்து அளவைகளைப் பட்டியலிடுகிறது. அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அபாவத்தையும் மற்றவற்றையும் எண்ணிக் காட்டிவிட்டு, எல்லாம் காண்டல் (நேரே காண்பது), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறார்.

வகைப்பாட்டில் இவ்வளவு சண்டை இருந்தாலும் நிபந்தனை ஒன்றில் அநேகமாக எல்லோரும் உடன்படுகிறார்கள். இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற நிலை இருந்தால்தான் தென்படாமை அறிவாகும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்றாகிவிடாது. தருமகீர்த்தி பிசாசை உதாரணம் காட்டுவார். பிசாசு இயல்பிலேயே காண முடியாதது என்று கொண்டால், அதைக் காணவில்லை என்பது அது உண்டு என்பதற்கும் சான்றாகாது, இல்லை என்பதற்கும் சான்றாகாது. காண்பதற்குரிய தகுதி என்ற இந்தக் கட்டுப்பாடுதான் முழு விவாதத்திலும் உருப்படியான பகுதி. கேமல் பழுதுபார்ப்பில் வீணாகும் நேரத்தில் பெரும்பங்கு இதை மறந்ததால் வீணாவது.

லாகில் பிழை இல்லை என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளலாம். பிழை நேர்ந்திருந்தால் லாகில் பதிந்திருக்குமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. எஃப்டிபி வாங்கும் முனைக்கு எதிர்ப்பக்கத்து சர்வரோடு இணைப்பே கிடைக்காவிட்டாலும், தனியாகக் கேட்டிருந்தால் ஒழிய அது எக்ஸெப்ஷன் எறிவதில்லை. ஓர் எச்சரிக்கை வரி எழுதிவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கும். லாகைப் பிழை மட்டத்துக்கு மேல் மட்டும் எழுதும்படி வைத்துள்ள நிறுவனத்தில் அந்த எச்சரிக்கையும் போய்விடும். அங்கே லாகின் மௌனம் இருட்டறையின் மௌனம். எட்டிப் பார்க்கும்போது நேரும் பிழைகள் ரூட்டின் பிழை கையாளும் பகுதிக்கும் தாமாக வந்து சேர்வதில்லை. பிரிட்ஜ் எர்ரர் ஹேண்ட்லர் என்ற விருப்பத்தை இயக்கினால்தான் வரும். பிழை வந்தால் எனக்கு மின்னஞ்சல் அனுப்பு என்று எழுதி வைத்துவிட்டு, மின்னஞ்சல் வராததைக் கண்டு நிம்மதியாக இருப்பவர் இந்த ஒரு விருப்பத்தைப் போடாதவராக இருக்கலாம்.

இதைவிடக் குறும்பான இடம் எஃப்டிபியின் இரட்டை இணைப்பு. 1985ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 959 வகுத்த முறைப்படி கட்டளைகள் ஒரு இணைப்பிலும் கோப்பும் பட்டியலும் வேறோர் இணைப்பிலும் செல்லும். ஆக்டிவ் முறையில் இரண்டாவது இணைப்பை சர்வர் தன் பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். கேமல் சொல்லாமலே எடுத்துக்கொள்வது இந்த முறையைத்தான். இன்றைய ஃபயர்வால்கள் தடுப்பதும் இதைத்தான். ஆகவே உள்நுழைவு வெற்றி, ஃபோல்டருக்குள் போனதும் வெற்றி, பட்டியல் மட்டும் வராது. கேமலின் அடியில் வேலை செய்யும் காமன்ஸ் நெட் நூலகத்தில், தரவு இணைப்பு தொடர்பான கட்டளையை சர்வர் மறுத்துவிட்டால் பட்டியல் கேட்கும் அழைப்பு பிழையை எறியாமல் வெறும் பட்டியலைத் திருப்பித் தருகிறது. மறுப்பு என்பது சர்வரின் பதில் எண்ணில் மட்டும் நிற்கும். நூலகத்தை நேரடியாக அழைத்து நிரல் எழுதுபவர் அந்த எண்ணைப் பார்க்காவிட்டால், ‘ஃபோல்டரில் எதுவும் இல்லை’ என்பதும் ‘ஃபோல்டரைப் பார்க்கவே முடியவில்லை’ என்பதும் அவருக்கு ஒரே விடையாக வந்து சேரும். குமாரிலர் பிரித்து வைத்த இரண்டை ஒரு வெற்று அணிவரிசை ஒன்றாக்கிவிடுகிறது. பேசிவ் முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். அப்போதும் நூலகத்தின் பழைய பதிப்புகளில், சர்வர் தன் உள்முகவரியை 227 பதிலில் கொடுத்துவிட்டால் இணைப்பு எங்கோ போய் முட்டக்கூடும்.

மௌனத்தைப் பேச வைக்கும் வழியும் சட்டகத்திலேயே இருக்கிறது. பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் வெற்றுச் செய்தி அனுப்பும்படி வாங்கும் முனையிடம் சொல்ல முடியும். அந்த வெற்றுச் செய்தி வந்துகொண்டே இருக்கும் வரை இல்லை என்பது அறிவு. அதுவும் நின்றுபோனால் எட்டிப் பார்ப்பதே நின்றுவிட்டது என்று பொருள். எஃப்டிபி, மின்னஞ்சல் இரண்டுக்கும் கட்டளைப் பரிமாற்றத்தை வரிவரியாக எழுதும் வசதி உண்டு. ஐயம் வந்தவுடன் முதலில் ஏற்ற வேண்டிய விளக்கு அதுவே.

பார்வை சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகும் கோப்பு இல்லை என்றால், எந்த ‘இல்லை’ என்று கேட்க வேண்டும். வைசேடிகர்கள் இன்மையை நான்காகப் பிரித்தார்கள்: தோன்றுவதற்கு முன் உள்ள இன்மை, அழிந்த பின் உள்ள இன்மை, எக்காலத்திலும் இல்லாமை, ஒன்று மற்றொன்றாக இல்லாமை. பழைய பாடப்புத்தக வகைப்பாடு என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் காணாமல் போன கோப்பைத் தேடுவதற்கு இதைவிடக் கச்சிதமான வழிகாட்டி கிடைப்பது அரிது.

முன்னின்மைதான் இவற்றில் சிக்கலானது. பாதி எழுதப்பட்ட கோப்பு இருக்கிறதா, இல்லையா? பெயர் பட்டியலில் வந்துவிட்டது. உள்ளடக்கம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அனுப்புபவர் 2 ஜிபி கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கேமல் அதைத் தூக்கினால் பாதிக் கோப்பு முழுக்கோப்பு போலவே அடுத்த முனைக்குப் போகும், பிழை எதுவுமின்றி. இதற்குத்தான் ரீட்லாக் என்னும் பூட்டு. அதன் மார்க்கர் வகை, கோப்பின் பக்கத்தில் கேமல்லாக் என்று முடியும் இன்னொரு கோப்பை வைக்கிறது. அதற்கு மரியாதை கொடுப்பது இன்னொரு கேமல் மட்டுமே, எழுதிக்கொண்டிருக்கும் வெளியார் அல்லர். எஃப்டிபி முனையில் கேட்காவிட்டால் எந்தப் பூட்டும் கிடையாது. சேஞ்ச்டு வகை, கோப்பின் அளவை இடைவெளி விட்டு இருமுறை பார்த்து, மாறவில்லை என்றால் எழுதி முடிந்துவிட்டது என்று முடிவு செய்கிறது. இது கருதல், காண்டல் அன்று. மாறாமைக்கும் முடிவுக்கும் இடையே தவறாத உடனிகழ்ச்சி இருந்தால்தான் அந்தக் கருதல் செல்லும். மந்தமான இணைப்பில் அனுப்புபவர் பத்து விநாடி திணறி நின்றால், ஒரு விநாடி இடைவெளியில் பார்க்கும் கேமலுக்கு அந்தத் திணறலும் முடிவும் ஒன்றே. இடைவெளியைக் கூட்டலாம். கூட்டக் கூட்டத் தவறு குறையுமே தவிர நீங்காது.

நீங்க வேண்டுமானால் அளவையை மாற்ற வேண்டும். எழுதியவரே முடிந்தது என்று சொல்லட்டும். தரவுக் கோப்பை முழுதாக எழுதிய பின் அதே பெயரில் டன் என்று முடியும் சிறு கோப்பை வைப்பது ஒரு வழி. கேமலில் டன்ஃபைல்நேம் என்ற விருப்பம் அதற்காகக் காத்திருக்கும். தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டு, முடிந்ததும் உண்மைப் பெயருக்கு மாற்றுவது இன்னொன்று. ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் பிளவுபடாத ஒரே செயல் என்பதால் பாதி நிலை யார் கண்ணிலும் படாது. கேமல் தானே எழுதும்போது டெம்ப்ஃபைல்நேம் விருப்பம் இதைச் செய்யும். இரண்டிலும் கருதலின் இடத்தை உரை எடுத்துக்கொள்கிறது. அனுப்புபவர் ஒத்துழைக்காத இடத்தில் ரீட்லாக்கை எவ்வளவு நுணுக்கமாக அமைத்தாலும் அது ஊகமாகவே இருக்கும். இதை ஒப்புக்கொள்ளப் பல திட்டக் குழுக்களுக்கு மனம் வருவதில்லை.

அழிவுபாட்டின்மை எளிது. கோப்பு வந்தது, எடுக்கப்பட்டது, போய்விட்டது. கோப்பு முனையில் கேமல் வேலை முடிந்த கோப்பைப் புள்ளியில் தொடங்கும் கேமல் என்ற உள்ஃபோல்டருக்கு நகர்த்திவிடும். புள்ளியில் தொடங்கும் பெயர்களை லினக்ஸ் சாதாரணப் பட்டியலில் காட்டாது. கோப்பு வரவே இல்லை என்று சாதித்த பலரின் கோப்புகள் அந்த மறைவான ஃபோல்டரில் வரிசையாகக் கிடந்திருக்கின்றன. சோதனைக்கென்று யாரோ ஓட்டிவிட்டு மறந்துபோன இரண்டாவது கேமல் அதே ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

என்றுமின்மை என்பது தேடும் இடமே தவறாக இருப்பது. கேமலின் எஃப்டிபி முகவரியில் எழுதும் பாதை, லாகின் செய்த பயனரின் வீட்டு ஃபோல்டரிலிருந்து தொடங்குவது. முன்னால் சாய்கோடு போட்டு முழுப்பாதை என்று நினைத்துக்கொண்டாலும் சட்டகம் அந்தக் கோட்டை வெட்டிவிடும். அந்தப் பாதையில் அந்தக் கோப்பு நேற்றும் இல்லை, நாளையும் வராது. எழுத்து வேறுபாடு பார்க்கும் பெயர் வடிகட்டியில் சிறிய எழுத்தும் அனுப்புபவரிடம் பெரிய எழுத்தும் இருந்தாலும், புள்ளியில் தொடங்கும் பெயரை அனுப்புபவர் வைத்திருந்தாலும் இவ்வகைதான். தமிழ்ப் பெயருள்ள கோப்பு இன்னொரு காரணத்தால் மாட்டிக்கொள்ளும். காமன்ஸ் நெட் கட்டளை இணைப்பில் பெயர்களை ஐஎஸ்ஓ 8859-1 குறிமுறையில்தான் எழுதுகிறது. அதில் தமிழுக்கு இடமில்லை. யூடிஎஃப்-8 என்று தனியாகச் சொல்லாவிட்டால் பெயர் சிதைந்து, கேட்ட கோப்பு கிடைக்காது.

நான்காவது இன்மை தருக்க நூல்களில் பயனற்ற நுணுக்கம் போலத் தோன்றும்: குடம் துணி அன்று, துணி குடம் அன்று. கேமலில் இது பல மணி நேரத்தைத் தின்னும் பழுதாகிறது. கோப்பை நகர்த்தாமல் அங்கேயே விட்டுவிட நூப் என்ற விருப்பத்தை இயக்கினால், ஏற்கெனவே படித்ததை மறுபடி படிக்காமல் இருக்க ஒரு நினைவுப் பட்டியல் தானாகவே வேலைக்கு வரும். ஒரு கோப்பை அந்தப் பட்டியல் அடையாளம் காண்பது அதன் முழுப்பாதையைக் கொண்டு. அனுப்புபவர் நாள்தோறும் விலைப்பட்டியலை ஒரே பெயரில் மேலெழுதி வைத்தால், இன்றைய கோப்பு நேற்றைய கோப்பே என்று கேமல் கொள்கிறது. பார்க்கிறது, தாண்டிப் போகிறது. கோப்பு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அனுமதிகள் சரியாக உள்ளன, பிழை இல்லை, ஆனால் எதுவும் நடப்பதில்லை. பெயரோடு அளவையோ மாற்றிய நேரத்தையோ சேர்த்து அடையாளமாக்கினால் விடிவு. பொருளின் ஒருமை எதில் இருக்கிறது, பெயரிலா, உள்ளடக்கத்திலா, காலத்திலா என்ற பழைய வினாவுக்கு இங்கே ஒரு வரி அமைப்பாகப் பதில் எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் சட்டகம் தன் பதிலை எழுதிக்கொள்ளும். அந்த நினைவுப் பட்டியல் தனியே சொல்லாவிட்டால் கணினி நினைவகத்தில் மட்டும் இருக்கும், 1000 பதிவுகள் வரை. நிரலை நிறுத்தித் தொடங்கினால் எல்லாம் மறந்து, பழைய கோப்புகள் அனைத்தும் புதியவையாகும். ‘ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடுகிறது’ என்று ஒருவர் சொன்னால் ஐயப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

மின்னஞ்சல் வாங்கும் முனையில் இருப்பும் இன்மையும் இன்னொருவர் பார்வையைப் பொறுத்தவை. ஐமேப் பெட்டியிலிருந்து, இன்னும் படிக்கப்படாத அஞ்சல்களை மட்டுமே கேமல் எடுக்கும். அலுவலகத்தில் ஒருவர் அஞ்சல் வந்துவிட்டதா என்று சரிபார்க்க அதே பெட்டியை உலாவியில் திறந்து அஞ்சலைச் சொடுக்கினால் அது படிக்கப்பட்டதாகிவிடும். அதன்பின் கேமலுக்கு அது இல்லை. பழுதைத் தேடிப் பார்த்த பார்வையே பழுதுக்குக் காரணமாகிறது. பாப்3 முறையில் படித்தது, படிக்காதது என்ற குறியே கிடையாது. எனவே அங்கே அஞ்சலை எடுத்த பிறகு அழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதே அஞ்சல் ஒவ்வொரு சுற்றிலும் வரும்.

பிழைச்செய்தி கிடைக்கும்போதும் வேலை எளிதாகிவிடுவதில்லை. இங்கே கருதல் தன் சோதனைகளோடு வருகிறது. புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது தருக்கத்தின் நிலையான உதாரணம். மணிமேகலையின் 29ஆம் காதை, கண்டது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதபோதே அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவதைப் போலி ஏதுக்களில் ஒன்றாகச் சொல்கிறது. மின்னஞ்சலிலும் எஸ்எஃப்டிபியிலும் வரும் பிழைகளில் பல இப்படிப்பட்ட பனி. ‘அங்கீகாரம் தோல்வி’ என்று வந்தால் கடவுச்சொல் தவறு என்று எல்லோரும் கொள்வார்கள். ஆனால் 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, ஷா-1ஐச் சார்ந்த பழைய ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. எஸ்எஃப்டிபிக்குக் கேமல் பயன்படுத்திய பழைய ஜேஎஸ்சிஎச் நூலகத்துக்கு ஆர்எஸ்ஏ சாவிகளில் தெரிந்தது அந்தக் கையொப்பம் மட்டுமே. சாவி சரியாக இருந்தும் சர்வர் மேம்படுத்தப்பட்ட நாளிலிருந்து கதவு திறக்காது. கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லோடு வரும் பழைய மென்பொருள்களை மறுக்கத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனின் ஐமேப், பாப் வழிகளில் அதைச் செய்தது. கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றித் தட்டச்சு செய்தாலும் பயனில்லை. சர்வர் கேட்பது வேறு சான்று.

சான்றிதழ்ப் பிழை இன்னொரு பனி. அதே முகவரியை உலாவியில் திறந்தால் பூட்டுக் குறி வருகிறது, ஆகவே சர்வர் சரி, ஜாவா தவறு என்ற முடிவுக்குத் தாவுவார்கள். ஜாவா தனக்கென ஒரு நம்பிக்கைக் களஞ்சியம் வைத்திருக்கிறது, உலாவி வேறொன்று. இடைச் சான்றிதழை சர்வர் அனுப்பாமல் விட்டாலும் பல உலாவிகள் தாமே தேடிப் பிடித்துக்கொள்ளும், ஜாவா இயல்பாக அப்படிச் செய்யாது. ஆகத் தவறு சர்வரிடமே இருக்கலாம். பனியையும் புகையையும் பிரிக்கத் தருக்கம் சொல்வது அன்னுவயமும் வெதிரேகமும்: காரணம் உள்ள இடத்தில் விளைவு உண்டா, காரணம் இல்லாத இடத்தில் விளைவும் இல்லையா என்று இரண்டு பக்கமும் பார்ப்பது. அதே கணினியிலிருந்து வேறு மென்பொருளால் அதே கணக்கில் நுழைந்து பார்க்க வேண்டும். அதே நிரலை வேறு சர்வருக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழுதுபார்ப்பவர்கள் முதலாவதைச் செய்வார்கள், இரண்டாவதைச் செய்வதில்லை.

அனுப்பும் பக்கத்தில் காண்டலுக்கு இடமே இல்லை. கோப்பு எதிர்முனையில் வட்டில் இறங்குவதை அனுப்புபவர் காண முடியாது. சர்வர் சொல்லும் பதில்தான் கிடைக்கும். நியாய சூத்திரம் ஆப்தரின் சொல்லை அளவையாக ஏற்கிறது. பொருளை நேரே அறிந்து, அறிந்தபடி சொல்ல விரும்புகிறவரே ஆப்தர் என்று உரைகாரர் வாத்ஸ்யாயனர் விளக்கி, இந்த இலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று சேர்க்கிறார். குலமும் பெருமையும் பொருட்டல்ல. நேரே அறிந்தாரா என்பதே கேள்வி.

எஸ்எம்டிபி சர்வர் 250 என்று பதில் சொன்னால் எதை நேரே அறிந்து சொல்கிறது? இந்த அஞ்சலுக்கு இனி நான் பொறுப்பு என்பதை. பெறுநரின் பெட்டியில் சேர்த்துவிட்டேன் என்று அது சொல்லவில்லை. அடுத்த சர்வர் ஏற்றதா என்றுகூட அதற்கு அந்நேரம் தெரியாது. ஆர்எஃப்சி 5321 பரிந்துரைக்கும் காலக்கணக்கில், அடுத்த சர்வர் கிடைக்காவிட்டால் நான்கைந்து நாட்கள் வரை முயன்றுவிட்டுத்தான் கைவிட்டதாகத் திருப்பி எழுத வேண்டும். கேமல் ரூட் வெற்றி என்று முடிப்பது முதல் 250ஐ வைத்து. நிரல் பொய் சொல்லவில்லை. ஆப்தர் சொன்னதற்கு மேல் கேட்டவர்தான் பொருள் கொண்டுவிட்டார். திரும்பி வரும் தோல்வி அஞ்சல் போய்ச் சேருவது அனுப்புநர் முகவரிக்கு. அந்த இடத்தில் யாரும் படிக்காத, பதில் அனுப்ப வேண்டாம் என்ற வகை முகவரியைப் போட்டுவிட்டு, தோல்வி எதுவும் வரவில்லை என்பதைச் சேர்ந்ததற்கு ஆதாரமாகக் காட்டுபவர் மறுபடியும் இருட்டறைக்குள்தான் நிற்கிறார். ஸ்பேம் ஃபோல்டரில் தள்ளும் சர்வர்கள் பெரும்பாலும் அதையும் தெரிவிப்பதில்லை.

பதிலே வராமல் போகும் நிலை இதைவிடக் கடினம். பெரிய கோப்பை எஃப்டிபியில் ஏற்றும்போது தரவு இணைப்பு மும்முரமாக இருக்க, கட்டளை இணைப்பு பல நிமிடங்கள் சும்மா கிடக்கும். நடுவிலுள்ள ஃபயர்வால் அதைச் செத்த இணைப்பு என்று வெட்டிவிடும். கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. முடிந்தது என்னும் 226 மட்டும் வரவில்லை. கேமல் தோல்வி என்று கொண்டு மறுபடி அனுப்பும். மின்னஞ்சலில் இதே சிக்கலைக் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் 1988இல் ஆர்எஃப்சி 1047ஆக எழுதினார்: அஞ்சல் முழுவதையும் பெற்ற சர்வர், பதில் சொல்லுமுன் நேரம் எடுத்துக்கொண்டால், அனுப்பும் பக்கம் பொறுமையிழந்து துண்டித்து மறுபடி அனுப்ப, பெறுநருக்கு இரண்டு அஞ்சல்கள். இந்தக் கடைசிப் பதிலுக்கு 10 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்கிறது நெறிமுறை. அவசரப்பட்டு 30 விநாடியில் டைம்அவுட் வைப்பவர் இரட்டை அஞ்சலைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்.

காத்திருப்பைக் கூட்டுவதால் இது தீராது என்பதற்கு நிரூபணம் உண்டு. அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் மூவரும் 1975இல் எழுதிய கட்டுரையில் வெளிவந்த சிக்கலுக்கு, ஜிம் கிரே 1978இல் இரண்டு தளபதிகள் என்ற பெயரைக் கொடுத்தார். தூதர் வழியில் பிடிபடக்கூடும் என்றால், இரண்டு தளபதிகள் எத்தனை தூதர்களை மாற்றி மாற்றி அனுப்பினாலும் தாக்குதல் நேரத்தில் இருவரும் உடன்பட்டுவிட்டதை இருவரும் உறுதியாக அறிய முடியாது. கடைசியாகப் போன தூதர் சேர்ந்தாரா என்பது அனுப்பியவருக்கு எப்போதும் தெரியாது. உரை என்னும் அளவைக்கு உள்ள எல்லையைக் கணிதமாகவே காட்டிய இடம் இது.

சொல்லப்பட்ட உரையும் எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1984இல் வெளியிட்ட முனைக்கு முனை வாதம், கோப்புப் பரிமாற்றத்தையே உதாரணமாக எடுத்தது. எம்ஐடியில் ஒவ்வொரு வலைப்பகுதியிலும் சரிபார்ப்புத் தொகை இருந்தும், ஓர் இடைக்கணினி தன் உள்நினைவில் நகலெடுக்கும்போது பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை போல இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிவிட்டது. வழி நெடுகச் சரி என்று சொல்லப்பட்ட மூலநிரல்கள் கெட்டுப்போய், உரியவர்கள் பழைய அச்சுப் பிரதிகளோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. ஒவ்வொரு சாட்சியும் தன் பகுதியைப் பற்றி உண்மையே சொன்னது. முழு வழியைப் பற்றிச் சொல்லச் சாட்சியே இல்லை. கேமலில் இதற்கு நெருங்கிய உறவு எஃப்டிபியின் பைனரி விருப்பம். அதை இயக்காவிட்டால் கோப்பு ஆஸ்கி முறையில் போகும். வரி முடிவு என்று தோன்றும் பைட்டுகள் வழியில் மாற்றப்படலாம். ஜிப் கோப்பு 226 பதிலோடு வெற்றிகரமாகச் சேர்ந்து, திறக்காமல் கிடக்கும். அனுப்பிய கோப்பின் ஹாஷ் மதிப்பைத் தனியாக அனுப்பி, பெற்றவர் தாம் பெற்ற கோப்பில் மீண்டும் கணக்கிட்டுத் திருப்பிச் சொல்வதே முழு வழிக்குமான சாட்சி.

சேர்ந்ததா என்று அறிய முடியாத நேரத்தில் மறுபடி அனுப்பலாம், அனுப்பாமல் விடலாம். மறுபடி அனுப்புவதைத் தீங்கற்றதாக்க, பெறும் பக்கம் ஒவ்வொரு செய்தியின் அடையாளத்தையும் குறித்துவைத்து, இரண்டாம் முறை வந்ததைத் தள்ள வேண்டும். கேமலின் ஐடம்பொட்டன்ட் கன்ஸ்யூமர் அதற்கானது. குறிப்பை எப்போது எழுதுவது என்பதில் மறுபடி சிக்கல். வேலைக்கு முன்பே எழுதினால், எழுதிய கணத்தில் மின்சாரம் போனால் அந்தச் செய்தி செய்யப்பட்டதாகக் குறிக்கப்பட்டுச் செய்யப்படாமல் போகும். வேலைக்குப் பிறகு எழுதினால், இடையில் மின்சாரம் போனால் வேலை இருமுறை நடக்கும். முன்பா பின்பா என்று தேர்ந்தெடுக்க ஈகர் என்ற விருப்பம் இருக்கிறது. ஐடம்பொட்டன்ட் கன்ஸ்யூமருக்கு இயல்பு நிலை முன்பு, கோப்பு முனைக்கு இயல்பு நிலை பின்பு. எது சரி என்று காண்டலும் கருதலும் உரையும் சொல்லாது. சம்பளப் பட்டியல் இருமுறை வங்கிக்குப் போவது கேடா, ஒரு முறையும் போகாமல் இருப்பது கேடா என்பதைச் சம்பளம் கொடுப்பவர்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் அவரிடம் யாரும் கேட்பதில்லை. சட்டகத்தின் இயல்பு நிலையே அவருக்காக முடிவெடுத்துவிடுகிறது.